தையற்காரரின் ‘நாளைக்கு’

அன்புள்ள வாயாடிக்கு,

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: பெரிய டாக்டர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், உன் அப்பா, உன் அத்தை, அத்தை வீட்டுக்காரர், நான், கட்டிலில் உன் தாத்தா. அங்கே நான் இல்லவே இல்லை என்று பிறகு யாரும் சாதிக்கக் கூடாது. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீ பயப்படாதே. தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பக்கவாதம் அவருடைய வலது கையோடு பேச்சையும் கொண்டுபோனது உனக்குத் தெரியும். மிஞ்சியது ஒரே ஒரு சொல் என்பதை உன் அப்பா உன்னிடம் சொல்லவில்லையாம். ‘நாளைக்கு.’ அவர் தண்ணீர் கேட்டாலும் நாளைக்கு, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் நாளைக்கு. துணி தைக்கக் கொடுத்தவர்களிடமெல்லாம் நாற்பத்திரண்டு வருஷம் சொன்ன சொல், அதுதான் நாக்கில் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் விட்ட சாபம் என்று நான்கூடச் சிரித்தேன்.

அத்தை வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தாத்தாவை முதியோர் காப்பகத்தில் சேர்க்கிற தாளோடு வந்திருந்தார். இவருக்கு எதுவும் புரியாது என்று டாக்டர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, “சொல்லே இல்லாத எடத்துல யோசனை எங்கேர்ந்து வரும் டாக்டர்? கிளி மாதிரி சொல்றார். உள்ள ஆளே இல்ல” என்றார். அதோடு விட்டாரா? உன்னையும் இழுத்தார். மொழி இல்லாமல் யோசிக்க முடியாது என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருப்பதாக நீ போனில் சொன்னாயாம். அதை மறுக்கிற ஆட்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது அவர் போனை வைத்துவிட்டிருந்தார். நீ அதை என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

தாத்தா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் தையல் கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவள். “அது ஒரு சொல் இல்லீங்க டாக்டர்” என்றேன். “இழுத்துச் சொன்னா இன்னும் துணிய வெட்டவே இல்லன்னு அர்த்தம். வெடுக்குன்னு சொன்னா அந்த ஆளப் புடிக்கல. மெதுவா சொன்னா தைச்சு மடிச்சு வச்சாச்சு, சும்மா சீண்டுறார்.”

அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அவள் ஒரு பொருளைக் காட்டுவாளாம், அவர் தன் சொல்லைச் சொல்வாராம், என்ன சொல்கிறார் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

முதல் தடவை, வேண்டாம் என்கிறார் என்றேன். நீட்டியது ஆறிப்போன காப்பி. இரண்டாவது, யாரையோ கேலி செய்கிறார் என்றேன். டாக்டருடைய கோட்டைக் காட்டியிருக்கிறாள். அவர் பட்டனை ஒரு காஜா தள்ளிப் போட்டிருந்தார். மூன்றாவது, கோபம். காட்டியது காப்பகத் தாள்.

நான்காவது தடவை கேட்ட குரல் எனக்குப் புதிது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் திரையை விலக்கினாள். அவள் காட்டியது, கட்டிலில் நான் விட்டுவந்த என் மூக்குக்கண்ணாடி. அதைத் தாத்தா இடது கையால் போர்வையில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து என்னிடம் நீட்டி, மறுபடி அதே மாதிரி சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

“தெரியலன்னு சொன்னீங்களேம்மா, அதுதான் சாட்சி” என்றாள் அந்தப் பெண். “எல்லாம் உங்க கற்பனையா இருந்தா இதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பீங்க.”

டாக்டர் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு, இவருக்குப் புரிகிறது என்று அந்தத் தாளில் எழுதினார். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது.

நீ நன்றாகப் படி, நீண்ட நாள் சுகமாக இரு. விடுமுறைக்கு வந்தால் தாத்தா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்காதே. அவர் எதிரே உட்கார்ந்து அவரையே கேள். கொஞ்சம் சீக்கிரமாக வந்து கேள்.

இப்படிக்கு,
உன் பாட்டி

ஒன்றை விட்டுவிட்டேன். புதன்கிழமை ஒருவர் பழத்தோடு வந்தார். தாத்தா இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது தாத்தா குணம். நான் அப்படியில்லை. தாத்தாவின் காதுபடப் பேசிய அந்தப் பேச்சுக்கு ஆயுசுக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள், பழத்தோடு வந்த அவர்தான்: உன் அத்தை வீட்டுக்காரர்.