பிடித்த மீனை விட்டவர்

அன்புள்ள அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸ் இப்போது அமெரிக்கத் தூண்டில் கடை ஒன்றுக்காக போன் எடுக்கிறது. அவர்கள் புழு கோப்பதில்லை அப்பா. முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி போலவே செய்கிறார்கள். நேற்று ஒருவர் ஆற்றுக்குள் நின்றுகொண்டே கூப்பிட்டார். அங்கே இலையுதிர்காலம், தண்ணீர் வற்றிக் கண்ணாடியாய்த் தெளிந்திருப்பதால் டிரௌட் மீன் எதையும் தொடவில்லையாம். கடையின் குறிப்பைப் பார்த்து, இருப்பதிலேயே பொடியான பாசிநிறப் பூச்சியைப் போடச் சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, “மாட்டியது! திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டேன்” என்றார்.

“அப்புறம் எதற்குப் பிடித்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்திலிருந்த மேலாளர் சுனிதா, “கஸ்டமர்கிட்ட இப்படியா கேப்பாங்க?” என்று முறைத்தார். போனில் இருந்தவரோ வாய்விட்டுச் சிரித்தார். “பக்கத்தில் பார்க்கத்தான்” என்றார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஐப்பசியில் நம் காவிரி கலங்கி வரும்போது கெண்டைக்கு எதைப் போடுவீர்கள்? போனில் சொன்னால் ஒரு வரியில் முடித்துவிடுவீர்கள். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பும்போது கூடவே எழுதி அனுப்புங்கள். நீளமாக எழுதுங்கள் அப்பா.

ஆபீஸ் கேப் வண்டி வந்துவிட்டது.

எழில்