தகடு மட்டும் நுழையும் இடைவெளி

மார்ச் 4, செவ்வாய்

இன்று மெஷினின் சத்தம் பாதியாகக் குறைந்தது. தகட்டில் ஓட்டை குத்தும் பஞ்ச் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றைத் தகட்டின் கனம் அளவுக்குக் கட்டையாக்கினேன். எல்லாம் ஒரே நேரத்தில் தகட்டில் இறங்கினால் இடி விழுந்த மாதிரி இருக்கும், இரும்புச் சட்டமே அதிரும். இப்போது பாதி முதலில் இறங்குகிறது. அது துளைத்து முடித்த பிறகு மீதி. அதே வேலை, பாதிப் பாரம். கூரைத் தகரம் கிடுகிடுக்கவில்லை. வெல்டர் அழகுமுத்து அண்ணன் தலையைத் தூக்கி, "என்ன, கரண்டு போச்சா?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம்.

ஓட்டை ஓரத்தில் பிசிறும் இல்லை. அடியில் இருக்கும் டையின் துளையைப் பஞ்சைவிட மயிரிழை பெரிதாக்கியது சரியாக வந்திருக்கிறது. முதலாளி லெட்சுமணன் தகட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஹட்டன்ல செஞ்சதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் புள்ள."

தோட்டத்து ஸ்டோர்களில் தேயிலை காய வைக்கும் டிரையர்களுக்கு ஓட்டைத் தட்டுகளை முதலாளி இதுவரை கொழும்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். இனி இங்கேயே செய்வோம். நான் வரைந்த முதல் மெஷின். அதை ஓட்டுவது என் தம்பி கிஷாந்த்.

மார்ச் 7, வெள்ளி

வேலை முடிந்து வாடகை அறைக்கு நடந்து வரும்போது கிஷாந்த் சொன்னான்: "அக்கா, அந்த ரெண்டு பட்டன் ரொம்பத் தொல்லக்கா. தகட்ட யாரு புடிக்கிறது? மூணாவது கை வேணும்."

வலப்பக்கம் ஒரு பட்டன், இடப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கிளச் பிடித்து பஞ்ச் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் பஞ்சுக்கு அடியில் இருக்காது. கல்லூரியில் படித்தது. படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். "பழகிக்க" என்றேன். சிரித்தான்.

மார்ச் 13, வியாழன், போயா விடுமுறை

பொகவந்தலாவைக்கு வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் இடமில்லை, நோர்வூட் வரை நின்றே போனோம். அம்மா லயத்து வரிசை வீடுகளில் எல்லோரையும் கூப்பிட்டு, "எம்மக வரஞ்ச மெஷினு, எம்மவன் ஓட்டுறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கிஷாந்தோட கை.

எழுத வரல.

மார்ச் 19, புதன். கண்டி ஆஸ்பத்திரி

இடது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நடு மூட்டோடு போய்விட்டன. மோதிர விரலில் தையல், அது பிழைக்கும் என்கிறார்கள்.

நேற்று நான் உள் அறையில் வரைபடத்தோடு இருந்தேன். வழக்கமான சத்தம், பிறகு அவன் குரல். அழகுமுத்து அண்ணன்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். முதலாளி தன் வேனிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கண்டிக்கு ஆம்புலன்ஸ். வழி முழுக்க அவன் என்னைப் பார்க்கவில்லை. பாதையெல்லாம் ரம்பம் மாதிரி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை என் தோளில் இடித்தது.

இடது பட்டனில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்ததாம். எந்நேரமும் அழுத்தியபடி இருக்கும்படி கட்டியிருக்கிறான். அப்படிக் கட்டினால் வலது கை ஒன்றே போதும், இடது கை தகட்டைப் பிடித்துக்கொள்ளலாம். தகட்டின் கடைசி வரிசை. பிடிக்கத் தகடே மிச்சமில்லாத இடம்.

ஏன்டா கட்டுன? ஏன்டா?

அம்மா காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே வந்திருந்தது, கொழுந்து பறிக்கும்போது உடுத்தும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி.  வார்டுக்கு வெளியே வந்ததும் என் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

மார்ச் 22, சனி

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொடிமுந்திரி, ஹோர்லிக்ஸ். கிஷாந்தின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். நடிப்பு இல்லை, அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தொழில் அலுவலகத்துலருந்து விசாரிக்க வருவாங்க. நீதான் மெஷின் வரஞ்ச ஆளு, ஒன்னத்தான் முதல்ல கேப்பாங்க. நடந்தத சொல்லு. பட்டன கட்டுனது அவன்தானே? அத சொன்னா போதும்."

"அவனுக்கு நட்டஈடு கொறஞ்சிரும் முதலாளி."

"அத நான் பாத்துக்கிறேன். மெஷின்ல தப்புன்னு வந்தா பட்டறைய மூட வேண்டி வரும். இருக்கிற அத்தன பேரும் எங்க போறது? நீ படிச்ச படிப்புக்கும் அது நல்லதில்ல புள்ள."

நான் தலையாட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது? பட்டனைக் கட்டியது அவன்தான். என் வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியும் பகலும் அதையே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு குறையும் இல்லை.

மார்ச் 26, புதன்

கிஷாந்தை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். லயத்து ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவன் கையைத் துண்டால் மூடியே வைத்திருக்கிறான்.

அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏன்டா கட்டுன?"

"நீதான் பழகிக்கன்ன. பழகிக்கிட்டேன்."

அதற்கு மேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

மார்ச் 29, சனி

மத்தியானம் பட்டறைக்குப் போனேன். சனி அரை நாள், எல்லோரும் போன பிறகு அழகுமுத்து அண்ணன் மட்டும் இருந்தார். மெஷின் அப்படியே இருந்தது, யாரோ கழுவியிருக்கிறார்கள். மெயின் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது அணைந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு புதுத் தகட்டை எடுத்துக்கொண்டு அவன் நின்ற இடத்தில் நின்றேன்.

இந்த மெஷினை நான் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஆனால் ஒரு முழுத் தகட்டை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்த்ததில்லை. சோதித்ததெல்லாம் கையகலத் துண்டுகளில்.

தகட்டை உள்ளே தள்ளி அளவுக் கட்டையில் முட்ட வைத்தேன். கையை எடுத்துப் பட்டன்களுக்குக் கொண்டுபோனேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகம் தன் கனத்தில் தொங்கியது. தொங்கியதும் முழுத் தகடும் கட்டையை விட்டுப் பின்னால் சறுக்கியது. மறுபடி தள்ளினேன். மறுபடி சறுக்கியது. முழங்காலைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தேன். வயிற்றால் அழுத்திப் பார்த்தேன். இப்படி அழுத்தினால் வரிசை கோணலாகும், தட்டு கழிவுக்குத்தான் போகும். அவனுடைய தட்டுகள் ஒன்றும் கோணலில்லை.

எத்தனையாவது முறையோ தெரியவில்லை, கடைசி வரிசைக்கு வந்திருந்தேன். குனிந்து பார்த்தபோது என் இடது கை தகட்டைப் பிடித்திருந்தது. இடது பட்டனை என் முழங்கை அழுத்திக்கொண்டிருந்தது.

நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகப் போயிருந்தது. பஞ்ச் வரிசைக்கு நேர் கீழே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழகுமுத்து அண்ணன், "எந்திரி தாயி, தரையெல்லாம் எண்ண" என்றார். 

அவன் சோம்பலில் கட்டவில்லை. அவசரத்தில் கட்டவில்லை. கட்டாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஏப்ரல் 2, புதன்

தொழில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியியலாளர் வந்தார். சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

பட்டனைத் தொழிலாளிதான் கட்டினாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலாளி மூச்சு விட்டது கேட்டது.

"ஆனால் அதைக் கட்டாமல் இந்த மெஷினில் ஒரு முழுத் தகட்டையும் நேராகத் துளைக்க முடியாது. தகட்டைத் தாங்க நான் மேசை வைக்கவில்லை. வரைந்தது நான்தான். வேண்டுமானால் நீங்களே நின்று பாருங்கள்."

அவர் நிஜமாகவே கைப்பையை வைத்துவிட்டுத் தகட்டோடு போய் நின்றார். சுவிட்ச் அணைந்திருந்தது. மூன்றாம் தடவை அவருடைய கையும் பட்டனை விட்டுத் தகட்டுக்குப் போனது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு நிறைய நேரம் எழுதினார்.

அவர் போனதும் முதலாளி சொன்னது: "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

ஏப்ரல் 14, திங்கள், வருஷப் பிறப்பு

அம்மா பொங்கல் வைத்தது. கிஷாந்துக்குப் புதுச் சட்டை. ஒரு கையால் பட்டன் போட முயன்றான், முடியவில்லை. நான் கிட்டே போனேன். அம்மாவைக் கூப்பிட்டான்.

நான் வேலையை விட்டு நிற்பதைப் பற்றி அம்மா இதுவரை கேட்கவில்லை. இன்று அடுப்படியில் கேட்டது. விசாரணையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா முந்திரிப் பருப்பை வறுத்துக்கொண்டே இருந்தது.

"அவன் கையப் பாக்கையில ஒன் மூஞ்சியப் பாக்க முடியல கிருஷா. ஒன் மூஞ்சியப் பாத்தா அவன் கைதான் தெரியிது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."



ஏப்ரல் 24, வியாழன்

மழை. பனி வாசல்வரை வந்து நிற்கிறது. அரிசி மூட்டை அட்டையில் வரைகிறேன். யாருக்காக, எந்தப் பட்டறைக்கு? தெரியாது. வரையாமல் இருந்தால்தான் அந்தச் சத்தம் கேட்கிறது.

கையை எங்கே வைக்க வேண்டும் என்று ஆளுக்குச் சொல்லும் மெஷின் வேண்டாம். ஆள் எங்கே கை வைத்தாலும் பஞ்சுக்கு அடியில் போக முடியாத மெஷின் வேண்டும். பஞ்ச் வரிசைக்கு முன்னாலும் பின்னாலும் இரும்புக் கவசம், போல்ட் போட்டு இறுக்கியது. கீழே ஒரு கீறல் இடைவெளி. தகடு நுழையும், விரல் நுழையாது. அட்டையில் கீறல் போட்டு என் சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன், நகத்தோடு நின்றது. இன்னும் குறைத்தேன்.

முன்னால் உருளைகள் வைத்த நீண்ட மேசை, தகடு தொங்காது. கை பட்டனில் இருக்கத் தேவையில்லை என்றால் காலால் மிதித்துப் பஞ்சை இறக்கலாம். கடைசி வரிசை? அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் பட்டது: பின்னால் வரும் தகடே முன் தகட்டைத் தள்ளட்டும். கடைசித் தகட்டுக்கு மட்டும் ஒரு மரக் கட்டை.

இவ்வளவுதான். இதை ஜனவரியில் முதல் வரைபடம் போட்டபோதே நினைத்திருக்கலாம்.

கிஷாந்த் அந்தப் பக்கமாகப் போனவன் அட்டையைப் பார்த்தான். நிற்கவில்லை.

மே 5, திங்கள்

முதலாளி போன் செய்தார். கவசம் போட்டுக் காட்டாமல் மெஷினை ஓட்டக் கூடாது என்று தொழில் அலுவலகத்து உத்தரவாம்.

"வேற ரெண்டு பேரைக் கூட்டியாந்து காட்டுனேன். ஒருத்தன் பட்டனுக்கு மூடி போடலாங்கிறான். இன்னொருத்தன் எழுதிப் போட்டு மாட்டலாங்கிறான், கை வைக்காதேன்னு."

"நான் சொன்னத மாத்திச் சொல்ல மாட்டேன் முதலாளி."

"மாத்தச் சொல்லலயே. எனக்குக் கோவந்தான், இன்னமும் போகல. நாளைக்கு மொத பஸ்ல வா."

மே 20, செவ்வாய்

எதுவும் லேசில் நடப்பதில்லை. கவசம் போட்டதும் பஞ்ச் தெரியவில்லை. தெரியாததால் தகடு சரியாக முட்டியதா என்று ஓட்டுகிறவருக்குச் சந்தேகம். புது ஆபரேட்டர் தனுஷிகா, இறம்பொடைப் பெண், அடிக்கடி குனிந்து இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கிறாள். நல்லதில்லை. எட்டிப் பார்க்கத் தோன்றினால் நாளைக்குக் கவசத்தைக் கழற்றவும் தோன்றும். அதனால் தகடு கட்டையில் முட்டினால் ஒரு சின்ன விளக்கு எரியும்படி செய்தேன். முட்டாவிட்டால் மிதித்தாலும் பஞ்ச் இறங்காது.

முழுத் தகடுகளில்தான் சோதித்தோம். நானே நின்று தள்ளினேன், இடுப்பு விட்டுப்போகும் வரை.

ஜூன் 3, செவ்வாய்

கிஷாந்த் வந்தான். நட்டஈட்டுக் கடதாசியில் கையெழுத்துப் போட முதலாளி வரச் சொல்லியிருந்தார். முழுதாகக் கிடைக்கிறது. அடுத்த கிழமை அவன் நோர்வூட்டில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு வேலைக்குப் போகிறான்.

சாப்பாட்டு நேரம். மெஷின் அணைந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் போய்விடுவான் என்று நினைத்தேன். மெஷினுக்கு முன்னால் வந்து நின்றான். அழகுமுத்து அண்ணன் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டார். 

மேசையின் உருளைகளைத் தடவினான். பிறகு வலது கைச் சுண்டு விரலைக் கவசத்தின் இடைவெளியில் வைத்துத் தள்ளினான். நிற்கிறது. இடது ஓரம், வலது ஓரம், நடு. பின்பக்கம் போய் அங்கேயும். அழுத்தி அழுத்திப் பார்த்தான், நகம் வெளுத்தது. அப்புறம் முழங்காலிட்டு, துளைத்த வட்டத் துண்டுகள் கீழே விழும் வழியில் கையை விட்டுப் பார்த்தான். அங்கே நான் வலை அடித்திருந்தேன். 

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"நொழயலக்கா."

 தனுஷிகா தண்ணீர் போத்தலோடு தூரத்திலேயே நின்றாள். அவளைப் பார்த்து, "வாங்க, ஓட்டிக் காட்டுங்க" என்றான்.

அவளும் அசையவில்லை, நானும் அசையவில்லை. கிஷாந்த்தான் சுவருக்குப் போய், இடது கையாலேயே மெயின் சுவிட்சைத் தூக்கிப் போட்டான்.