வழுக்கையில் முடி முளைக்க வைத்த தேன்

ஜூன் 3, செவ்வாய்

எவனாலும் நம்ப முடியாத ஒரு கதையை எழுதப்போகிறேன் என்று கோமுகி அணை சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். ஜெர்மனி தேசம் என் மீது போர் தொடுத்துவிட்டது.

அக்கா மகள் ஷாலினி, கல்வராயன் மலைத் தேனை வலைத்தளம் வைத்து விற்கிறாள். அதில் தேனின் பெருமை எழுதியவன் சாட்சாத் நான். வழுக்கையில் முடி முளைக்கும், முறைக்கிற மாமியார் சிரிப்பாள், வறட்டு இருமல் நிற்கும். நம்ம ஜனங்கள் சிரித்துவிட்டு வாங்கினார்கள். ஜெர்மனி அதிகாரிகள் சிரிக்கவில்லை. நிரூபிக்காத மருத்துவக் குணத்தை எழுதுவது அங்கே குற்றமாம். நீக்காவிட்டால் விற்பனைக்குத் தடையாம். அவள் தேனில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது.

ஜூன் 4

"கச்சிராயபாளையத்துல உக்காந்து எழுதினத ஜெர்மனிக்காரன் இன்னா கேக்கறது? அவன் சட்டம் இங்க வருமா?" என்று முழங்கினேன்.

"நீங்க முழங்கிக்கினே இருங்க மாமா. கடைய மூடிக்கினு போறது நான்தான்."

ஜூன் 8, ஞாயிறு

தேன் வாங்க மலைக்குப் போனோம். எங்களுக்குத் தேன் தரும் சாலம்மாள் வீட்டுக்குக் கோயில் எல்லைக் கல்லைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். நானும் கழற்றினேன்.

"இன்னா மாமா, இது ஒங்க ஊரு சட்டமா?" என்றாள் ஷாலினி.

செருப்பைக் கல்லோரமாக ஒழுங்காக அடுக்கி வைத்தேன். நானா!

ஜூன் 9

நான் மலைக்குக் காலால் நடந்து போனேன், அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன். வலைத்தளத்துக்குக் கால் ஏது?

ஆனால் தேன் போகிறதே. அங்கே யாரோ ஒருத்தி என் புளுகை நம்பி, இருமுகிற பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிட்டால்? — சே.

சரி, நாளைக்கு வேறொரு நாடு, பொம்பள படம் கூடாது என்றால்? தளத்தின் முகப்புப் படத்தில் சிரிக்கிற சாலம்மாளை எடுத்துவிடுவேனா? நாம் விற்காத நாட்டுக்காக என் ஊர்த் தெருவிலேயே வெறுங்காலோடு நடக்கணுமா? மாட்டேன். விற்கிற நாடு கேட்டால்?

தெரியவில்லை.

ஜூன் 10

"அந்த வரிங்கள ஜெர்மனிக்கு மட்டும் மறைச்சிரலாமா மாமா?"

"வேணாம். எல்லாருக்கும் எடுத்துரு." சொன்னது நான்தானா?

ஜூன் 16

ஜெர்மனிப் படை பின்வாங்கியது. விற்பனைக்குத் தடையில்லை. தளத்தில் சாலம்மாள் படம், கீழே ஒரே வரி: கல்வராயன் மலைத் தேன். இத்தனை சின்ன வரியை நான் ஜென்மத்தில் எழுதியதில்லை.

வழுக்கையும் மாமியாரும் என் சரடுதான். ஆனால் போன மார்கழியில் என் வறட்டு இருமல் இந்தத் தேனில்தான் நின்றது. அது மட்டும் நிஜம்.

அதையும் சேர்த்தே அழித்தோம்.