மதினிக்குச் சொன்ன பொய்

12 மார்ச் 1943, வெள்ளி. உத்தமபாளையம்.

யுத்தத்தில் உலகமே அழிந்தபின், வருசநாட்டு மலையில் தப்பிய ஒருவனுக்குத் தூரத்தில் பிழைத்திருப்பவர்கள் மனதில் நினைப்பது காதில் கேட்பதாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று மத்தியானம் மதினி அதைப் படித்துவிட்டார். பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போன அண்ணனிடமிருந்து ஒரு வருடமாகக் கடிதம் இல்லை.

"தம்பி, ஒங்களுக்கும் இப்படிக் கேக்குமா? அவுக இருக்காகளா?" என்றார்.

"அது கதை, மதினி."

அவர் நகரவில்லை. நான் கண்ணை மூடினேன். தெருவில் போன மாட்டுவண்டிச் சத்தம்தான் கேட்டது.

"இருக்காக," என்றேன்.

சாயங்காலம் மறுபடி வந்தார். "இப்ப என்ன நெனைக்காக?"

"வயலுக்குத் தண்ணி பாஞ்சுச்சான்னு நெனைக்காக."

"அவுகளேதான்!" என்று சிரித்தார். பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

நாளைக்கும் கேட்பார்.