பதினேழாவது கிலோமீட்டர்

ஸ்ட்ரெதம், லண்டன்
14.2.1988

என் அன்புச் சுலோவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமோ என்று கேட்கத் தேவையில்லை. உன் கடித உறையிலேயே பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. பாலேந்திரா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உம்மட சிநேகிதி பெரிய ஆளாயிட்டா போல" என்றார். அன்றைக்கு அவருடைய குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

வளிமண்டலத்தைப் படை படையாகப் பிரித்து ஓசோனை அளக்கிறாயாம். நல்லது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நம்முடைய வகுப்பில் யார் முதலாவது, யார் இரண்டாவது என்று நான் ஞாபகப்படுத்தப் போவதில்லை. முதலாவது நான். மேற்படிப்புக்கு இங்கே வரப் புலமைப்பரிசில் வந்தபோது எனக்குப் பாலேந்திராவோடு கலியாணம் பேசி முடிந்திருந்தது. அடுத்த பெயர் உன்னுடையது. யாருடைய பிழையும் இல்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. அதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

என் பாட்டைக் கேள். பாலேந்திரா பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே டெலிபோன் எடுக்கிறேன். பழைய பிரிட்ஜில் குளிரூட்ட இருக்கும் வாயுவை, ஓசோனைத் தின்கிற அதே வாயுவை, அவர் கடைக்குப் பின்னால் 'உஸ்' என்று திறந்துவிடுகிறார். ஓசோன் குறைகிறது என்று நீ கணக்கெழுது. நாங்கள் குறைத்துத் தருகிறோம். இரண்டு பகுதிக்கும் பிழைப்பு நடக்கட்டும்.

உன்
கௌரி


எடின்பரோ
3.5.1988

அன்புக் கௌரிக்கு,

உன் வயிற்றெரிச்சலை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். பாலேந்திரா அண்ணை பாவம், அவருக்கு ஒழுங்காகச் சமைத்துப் போடு.

இத்துடன் என் கட்டுரை வருகிறது, இருபத்திரண்டு பக்கம். தென்னிந்தியாவில் மேலே அனுப்பிய பலூன்கள் எடுத்த அளவுகள். மழையும் மேகமும் இருக்கிற மாறன் மண்டலம் முடிந்த பிறகு, அதற்கு மேலே படை மண்டலத்தில் ஓசோன் எவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறேன். எதிர்பார்த்ததைவிடக் கூட வருகிறது. செப்டம்பரில் லண்டனில் ஒரு கூட்டத்தில் இதை வாசிக்க வேண்டும். சரிவந்தால் என் வேலை நிரந்தரம். சறுக்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நாடு இருக்கிற நிலையில் கட்டிக்கொண்டு எங்கே போவது?

இங்கே யாரும் முகத்துக்கு நேரே பிழை சொல்வதில்லை. 'மிகவும் சுவாரசியம்' என்றுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நீ சொல்வாய். பேராதனையில் நீ பார்க்காமல் நான் ஒரு தாளும் கொடுத்ததில்லை. பார்த்துத் திருப்பி அனுப்பு.

உன்
சுலோ


ஸ்ட்ரெதம்
19.5.1988

அன்புச் சுலோவுக்கு,

கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. வரைபடங்கள் அருமை, அட்டவணைகள் அருமை, ஆங்கிலமும் அருமை. இதில் என்னைப் போன்றவள் சொல்ல என்ன இருக்கிறது? தாள்களை இத்துடன் அனுப்புகிறேன்.

செப்டம்பர் கூட்டத்துக்கு வர முடியாது. கடையில் வேறு ஆள் இல்லை.

கௌரி


எடின்பரோ
12.6.1988

அன்புக் கௌரிக்கு,

தாள்கள் கிடைத்தன. உண்மையாகவே ஒன்றும் இல்லையா? ஒன்பதாம் பக்கத்தையும் பார்த்தாயா? எனக்கே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்னொரு தரம் யோசித்து ஒரு வரி எழுது. ஜூலை முடியும்வரை பார்த்திருப்பேன். அதன் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

உன்
சுலோ


ஸ்ட்ரெதம்
20.6.1988

சுலோவுக்கு,

ஒன்பதாம் பக்கமும் சரிதான். வகுப்பில் முதலாவது வந்தவள் சொல்கிறேன், நம்பு. எத்தனை தரம் கேட்பாய்? இங்கே கொஞ்சம் வெயில் எறித்தால் போதும், லண்டனில் உள்ள பிரிட்ஜ் எல்லாம் ஒரே நாளில் பழுதாகிவிடுகிறது. எனக்கு மூச்சு விட நேரமில்லை.

கௌரி


ஸ்ட்ரெதம்
25.9.1988

சுலோ,

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று பாலேந்திராவிடம் சொல்லிவிட்டு உன் கூட்டத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில், உயரமான ஒரு வெள்ளைக்காரருக்குப் பின்னால் இருந்தேன். நீ விழுவதைப் பார்க்கத்தான் வந்தேன். டெலிபோனில் இதைச் சொல்ல என்னால் முடியாது. பொய்யோ உண்மையோ, எனக்குக் கடிதத்தில்தான் வருகிறது.

ஒன்பதாம் பக்கத்தில் நீ மாறன் மண்டலத்தின் கூரையைப் பதினோராவது கிலோமீட்டரில் வைத்திருந்தாய். அது இந்த நாட்டு வானம். நம்முடைய பக்கத்தில் அந்தக் கூரை பதினேழாவது கிலோமீட்டரில் இருக்கிறது. இடையில் உள்ள ஆறு கிலோமீட்டர்க் காற்றையும் படை மண்டலத்தில் சேர்த்துவிட்டாய்; ஓசோன் கூடாமல் என்ன செய்யும்? ஆறு வருடக் குளிரில் வெயில் நாட்டு வானத்தின் உயரம் உனக்கு மறந்து போயிருக்கிறது.

முதல் வாசிப்பிலேயே கண்டேன். பென்சிலால் 17 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. யாரோ ஒரு அம்மாவின் பிரிட்ஜில் ஐஸ் பிடிக்கவில்லையாம். அவவின் விலாசத்தை எழுதி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் பெயர் முதல் பக்கத்தில் தட்டச்சில் கிடந்தது. அழிறப்பரை எடுத்து அந்தப் பதினேழை அழித்தேன். ஒன்பதாம் பக்கம் என்று நீயே எழுதிக் கேட்டபோதும் சரிதான் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை திரையில் நீ பதினேழு என்று காட்டினாய். எனக்கு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது ஏமாற்றம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் ஸ்ட்ரெதம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் விருப்பம். ஒன்று மட்டும் எழுது. அந்தப் பிழையை உனக்குக் காட்டித் தந்தது யார்? யாரென்றே தெரியாத அந்த ஆளிலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கௌரி


எடின்பரோ
10.10.1988

சிவகௌரிக்கு,

நீதான்.

நீ பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சரித்துப் பிடித்தபோது, அழித்த இடத்தில் பதினேழும் கேள்விக்குறியும் பள்ளமாகத் தெரிந்தன. கணக்கை முதலிலிருந்து போட்டேன். கூடுதலாக வந்த ஓசோன் மறைந்துபோய்ச் சின்னதொரு முடிவு மிஞ்சியது, ஆனால் சரியான முடிவு. வேலை நிரந்தரமாகிவிட்டது.

பொறாமைக்காக உன்னோடு கோபம் இல்லை. எனக்கும் உன்னில் பொறாமை உண்டு. இரண்டு வருடமாக என் கண்ணில் படாததை நீ டெலிபோன் எடுக்கிற இடைவெளியில் கண்டுபிடித்தாய். ஒரு கிழமை உன் கையெழுத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஒரு வரி எழுது என்று கேட்டேன். ஜூலை முப்பத்தோராம் தேதி வரையும் தபாலைப் பார்த்திருந்தேன்.

கட்டுரையின் முடிவில், "பிழையைக் கண்டுபிடித்தவர் சிவகௌரி பாலேந்திரா, அவருக்கு என் நன்றி" என்று தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை என்று இரண்டு தரம் எழுதியவளுக்கு எதற்காக நன்றி சொல்வது? ஓகஸ்ட் முதலாம் தேதி அந்த வரியை வெட்டிவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். கூட்டத்துக் கட்டுரைகளின் புத்தகம் போன கிழமை வந்தது. உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

இனி என் தாள்கள் உனக்கு வராது. சுகம் கேட்டு எழுதுவேன், நீயும் எழுது. குளிர் தொடங்குகிறது, அண்ணையைக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்.

அன்புடன்,
சுலோச்சனா