இரண்டாவது பதிவேடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். வழக்கம்போல் அப்பா சொல்ல நான் எழுத உட்கார்ந்தோம், இரண்டு வரியில் எழுந்து போய்விட்டார், மீதியை நானே எழுதுகிறேன்.

நேற்று அதிகாரி பட்டறைக்கு வந்தபோது அவர் கக்கத்தில் இரண்டு பதிவேடுகள் இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன், எப்போதும் ஒன்றுதான் இருக்கும். வெளிநாட்டுக் கண்ணாடி உள்ளே வரக் கூடாது, லென்ஸ் தேய்க்கத் தெரிந்தவர்கள் வெளியே போகக் கூடாது, இங்கே செய்து வெளியே விற்றால்தான் நாட்டுக்குள் தங்கம் சேரும் என்ற சட்டம் உனக்குத் தெரியும். "எல்லா தேசமும் வித்துக்கிட்டே இருந்தா வாங்கறவன் என்ன நிலாவுலயா இருக்கான்"னு அப்பா கேட்பாரே, அதே சட்டம். இப்போது புதிதாக, தேய்ப்பவர் இரண்டு பேர் இல்லாத பட்டறைக்கு அரசுக் கிடங்கில் கண்ணாடி கிடையாதாம். பள்ளியை விட்ட நாளிலிருந்து நான் தேய்த்தாலும், நாட்டை விட்டு உன்னிடம் வர வேண்டும் என்பதற்காக அப்பா என்னை உதவியாள் பதிவேட்டில்தான் எழுதி வைத்திருந்தார். அவர் கக்கத்தில் இருந்த இரண்டாவது, தேய்ப்பவர் பதிவேடு; அதில் பெயர் ஏறினால் வெளியே போக முடியாது.

அதிகாரி ஒரு லென்ஸை என்னிடம் நீட்டி, "அங்க வைம்மா" என்றார். பாழாய்ப்போன பழக்கம், அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவிவிட்டேன். அவர் சிரித்தார். "உதவியாளா? உங்க பொண்ணு உங்களையே வேலை வாங்குவா போலிருக்கே. தங்கம் வெளிய போனாலும் தொழில் வெளிய போனாலும் எங்களுக்கு ஒண்ணுதான் பெரியவரே" என்றார். அப்பா கும்பிட்டு, "அவ பேரை எழுதாதீங்க சார், அவ அண்ணன்கிட்ட போகட்டும், நான் பட்டறையை மூடிடறேன்" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து இரண்டாவது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

நீ நூறு வயது வாழ வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், அப்பாவின் ஆசியும் அதிலேயே சேர்த்தி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எனக்கு எடுத்த டிக்கெட்டை மறக்காமல் ரத்து செய்துவிடு.

இப்படிக்கு,
அப்பாவுக்காக எழுதிய உன் தங்கை
சுண்டு