கடைமடைக்குப் போகாத தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை. நேற்று புது வாய்க்காலைத் திறந்தோம். இருபது கிலோமீட்டரில் பாதி வழி வந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. "என்ன சார், தண்ணிக்கு வழி தெரியலையா?" என்று கடைமடைக்காரர் ஒருவர் கேட்டார். உன் ஜியாய்டு அட்டவணை தப்பு என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். என் கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன், நீயே பார். கோபப்படாதே.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபப்படாதே என்று நீயே எழுதிவிட்டால் ஆச்சா?

செயற்கைக்கோள் கருவி காட்டும் உயரம், வழுவழுப்பான ஒரு கற்பனை முட்டையிலிருந்து அளந்தது. நிஜ பூமிக்குள் கனம் ஒரே சீராக இல்லை. ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது, கடல் மட்டமே அதற்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அந்த மட்டம்தான் ஜியாய்டு, தண்ணீர் அதற்குத்தான் கட்டுப்படும். நம் பக்கம் அது முட்டைக்குக் கீழே: தலைமதகில் நாற்பத்தொரு மீட்டர், கடைமடையில் நாற்பத்து மூன்று. கருவி உயரத்தோடு அதைக் கூட்ட வேண்டும். நீ கழித்திருக்கிறாய். மூன்று மீட்டர் இறக்கம் என்று நீ நம்பியது உண்மையில் ஒரு மீட்டர் ஏற்றம்.

மூன்று வருஷம் ஈர்ப்புமானியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் அலைந்து போட்ட அட்டவணை அது. இப்போது நிறுத்தி வைத்துவிட்டார்கள், என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். உண்மையை எழுது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருந்தது, கழித்துவிட்டேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நீ சொல்வதுதான் சரி. ஆனால் அதை எழுதினால் என் வேலை போய்விடும். உனக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்துவிடும். நான் பிரித்துப்போட்ட ரேடியோவுக்கு அன்று நீதானே அப்பாவிடம் அடி வாங்கினாய்? இதையும் பொறுத்துக்கொள்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

உனக்காக அடி வாங்குவது அந்த ரேடியோவோடு போயிருக்க வேண்டியது. அட்டவணையை நிறுத்தியதால் பக்கத்து மாவட்டத்தில் வெறும் கருவி உயரத்தை நம்பிக் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். அங்கேயும் தண்ணீர் நிற்கும். உனக்கு எத்தனை தடவை சொல்வது? அலுத்துவிட்டது. மாதக் கடைசி வரை பார்ப்பேன்.

அக்கா

ஏப்ரல் 2

பெறுநர்: செயற்பொறியாளர், வாய்க்கால் பிரிவு

ஐயா,

அட்டவணை சரி என்றும், கழித்தது தங்கள் பிழை என்றும் மார்ச் 15 அன்று எழுதியிருந்தீர்கள். அக்கடிதத்தை என் விளக்கத்துடன் இணைத்து அனுப்பிவிட்டேன்.

தலைமதகிலிருந்து படிப்படியாக ஆழப்படுத்தி, கடைமடையில் நான்கு மீட்டர் இறக்கினால் தண்ணீர் போகும். கிலோமீட்டர் வாரியாக அளவுகள் பின்பக்கத்தில் உள்ளன. மைனஸ் எதுவும் போடவில்லை.

இப்படிக்கு,
ஈர்ப்பு அளவை அலுவலர்

நகல்: தலைமைப் பொறியாளர்